ரிம்ஃபயர் ரைஃபிளுக்குக் குறைந்த செலவில் நல்ல ஸ்கோப் தேர்ந்தெடுப்பது எப்படி?

.22 ரைஃபிளுக்கு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?’ என்பதே. அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டியது, ‘இதன் பாரலாக்ஸ் எந்தத் தொலைவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கிறது?’ என்னும் கேள்வி. கண் அசையும்போது குறுக்கிழை இலக்கின் மேல் இடம் மாறித் தெரிவதே பாரலாக்ஸ். அதற்கு விடை தெரிந்துகொண்டு வாங்கினால், செலவு குறைந்த ஸ்கோப்பைக் கொண்டே ஒரு நல்ல ரிம்ஃபயர் ரைஃபிளின் துல்லியத்தை ஏறக்குறைய முழுவதும் பெற்றுவிடலாம். தெரியாமல் வாங்கினால், விலை உயர்ந்த ஸ்கோப்பும் நெருங்கிய தொலைவில் கைவிட்டுவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முதலில் வாங்கியது பெரிய ரைஃபிள்களுக்காகச் செய்யப்பட்ட ஒரு 3–9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு, 40 மி.மீ. முன் வில்லை). 25 மீட்டரில் மணல்மூட்டையின் மேல் ரைஃபிளை வைத்துச் சுட்டபோதும் துளைகள் சிதறின. தோட்டாவைக் குறை சொல்லி மூன்று வகைத் தோட்டாக்களை மாற்றிப் பார்த்தேன், குழலைச் சுத்தம் செய்தேன், பயன் இல்லை. சுடுதளத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் ரைஃபிளின் போல்ட்டை, அதாவது குழலின் பின்புறத்தை மூடும் உறுப்பை, கழற்றச் சொன்னார். பிறகு ரைஃபிளை மூட்டையின் மேல் அசையாமல் இருத்தி, அதைத் தொடாமல் தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொண்டே ஸ்கோப் வழியாகப் பார்க்கச் சொன்னார். அட்டையில் ஒட்டியிருந்த காசளவுப் பொட்டின் கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை குறுக்கிழை நகர்ந்தது. ரைஃபிள் அசையவில்லை, அட்டையும் அசையவில்லை. என் கண் மட்டுமே அசைந்தது. அத்தனை நாளும் தோட்டாவின் மேல் போட்ட பழி அன்றைக்குத் தீர்ந்தது.

ரிம்ஃபயர் ஏன் தனி வகை?

ரிம்ஃபயர் தோட்டாவில் தீமூட்டும் கலவை தோட்டாக்கூட்டின் அடி விளிம்புக்குள் இருக்கும். சுத்திமுனை அந்த விளிம்பை நசுக்கும்போது தோட்டா வெடிக்கும். இவ்வகையில் மிகப் பரவலானது 1887ஆம் ஆண்டில் வந்த .22 லாங் ரைஃபிள். அதன் குண்டு பெரும்பாலும் 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ளது. குழலிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 320 முதல் 380 மீட்டர் வேகத்தில் புறப்படும். இதனால் ஸ்கோப் வாங்குபவருக்கு ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் உண்டாகின்றன. பின்னுதைப்பு மிகச் சிறியது என்பதால், பெரிய ரைஃபிளில் சில நாட்களில் உள்ளுறுப்பு தளர்ந்துபோகும் எளிய ஸ்கோப்கூட இதில் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும், இது நன்மை. இந்தக் குண்டு வேலை செய்யும் தொலைவு 20 முதல் 100 மீட்டர் வரையே, ஆனால் கடையில் அதிகம் கிடைக்கும் ஸ்கோப்புகளோ 100 கெஜத்துக்கும் அதற்கு அப்பாலும் சுடுபவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை, இது சிக்கல்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பிரிங் விசையில் இயங்கும் ஏர் ரைஃபிள் பார்வைக்கு .22 ரைஃபிளைவிடச் சாதுவாகத் தோன்றினாலும், அதன் பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து சட்டென நிற்கும்போது ரைஃபிள் முன்னும் பின்னுமாக இரு திசையிலும் உதறும். பின்னோக்கிய உதைப்பை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப்பின் வில்லைகள் அதில் தளர்ந்துபோகும். ஒரே ஸ்கோப்பை இரண்டு ரைஃபிள்களுக்கும் மாற்றி மாற்றிப் பொருத்த எண்ணுபவர், ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கும் ஸ்கோப்பைத்தான் வாங்க வேண்டும்.

முதலில் தொலைவை எழுதிக்கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன், நீங்கள் உண்மையில் எந்தத் தொலைவில் அதிகம் சுடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்றாவது ஒருநாள் சுடப்போவதாகக் கனவு காணும் தொலைவை அதில் சேர்க்க வேண்டாம். பயிற்சிக்காக 25 மீட்டரிலும் 50 மீட்டரிலும் காகித அட்டையில் சுடுபவரின் தேவை ஒன்று. 40, 60, 77, 100 மீட்டர் தொலைவுகளில் நிற்கும் உலோக உருவங்களைச் சாய்க்கும் சில்லவுட் போட்டியில் கலந்துகொள்பவரின் தேவை வேறு. முன்னவருக்கு 50 கெஜத்தில் பாரலாக்ஸ் நிலையாகச் சரிசெய்யப்பட்ட எளிய ஸ்கோப் போதும். பின்னவர் தொலைவுக்குத் தொலைவு பாரலாக்ஸைத் திருத்திக்கொள்ளும் வசதிக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். .17 எச்.எம்.ஆர். என்னும் வேகமான ரிம்ஃபயர் தோட்டாவுக்கான ரைஃபிள் வைத்திருப்பவரின் நிலை இரண்டிலும் சேராது: 2002இல் வந்த அந்தத் தோட்டாவின் 17 கிரெய்ன் குண்டு விநாடிக்குச் சுமார் 775 மீட்டர் வேகத்தில் போவதால் அவர் பெரும்பாலும் 100 மீட்டரை ஒட்டியே சுடுவார், 100 கெஜத்துக்குச் சரிசெய்த சாதாரண ஸ்கோப்பே அவருக்குப் பொருந்தும்.

பாரலாக்ஸ்

பள்ளி இயற்பியலில் இடமாறு தோற்றம் என்று படித்தது இதுவே. ஸ்கோப்பின் முன் வில்லை இலக்கின் பிம்பத்தைக் குழாய்க்குள் ஒரு தளத்தில் விழச் செய்கிறது; குறுக்கிழையும் குழாய்க்குள் ஒரு தளத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே தளத்தில் அமைந்தால், கண் எங்கே இருந்தாலும் இழை இலக்கின் மீது அசையாமல் நிற்கும். இலக்கு அருகே வரும்போது பிம்பம் விழும் தளம் பின்னோக்கி நகர்கிறது. இழையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்போது கண் நடு அச்சிலிருந்து விலகினால், இழை இலக்கின் மேல் ஊர்வதுபோலத் தெரியும். நீங்கள் குறிவைத்ததாக நினைக்கும் புள்ளியும் குழல் நோக்கும் புள்ளியும் வெவ்வேறாகிவிடும்.

இந்தப் பிழை எவ்வளவு பெரிதாகலாம் என்பதை எளிய கணக்கால் அறியலாம். முன் வில்லையின் விட்டத்தில் பாதியை எடுத்து, சரிசெய்யப்பட்ட தொலைவுக்கும் சுடும் தொலைவுக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, சரிசெய்யப்பட்ட தொலைவால் வகுத்தால், கண் ஓரத்துக்கே போய்விட்ட மிக மோசமான நிலையில் வரக்கூடிய பிழை கிடைக்கும். 40 மி.மீ. வில்லையுள்ள ஸ்கோப் 100 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டிருந்தால், 50 மீட்டரில் அந்தப் பிழை 10 மி.மீ.; 25 மீட்டரில் 15 மி.மீ. இது சிறிய அளவுபோலத் தோன்றலாம். பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் 50 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டமே 10.4 மி.மீ.தான், அடுத்தடுத்த வட்டங்கள் 8 மி.மீ. இடைவெளியில் அமைந்தவை. (அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது, அளவை உணர்த்துவதற்காகவே சொல்கிறேன்.) கன்னத்தைச் சற்றுத் தள்ளி வைத்ததற்காக மட்டும் ஒரு வட்டத்துக்கும் அதிகமாக இழக்க நேரும்.

ரிம்ஃபயருக்கென்று செய்யப்படும் ஸ்கோப்புகளில் இந்தத் தொலைவு பெரும்பாலும் 50 கெஜம், சிலவற்றில் 60 கெஜம். மீட்டரில் முறையே சுமார் 46, 55. வோர்டெக்ஸின் கிராஸ்ஃபயர் II வரிசையில் வரும் 2–7×32 ரிம்ஃபயர் ஸ்கோப் 50 கெஜத்துக்கும், லூபோல்டின் ரிம்ஃபயர் ஸ்கோப்புகள் 60 கெஜத்துக்கும் அமைக்கப்பட்டவை. பெட்டியின் மேல் ‘ரிம்ஃபயர்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். விவரத்தாளில் பாரலாக்ஸ் தொலைவு எண்ணாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால், நான் முன்பு சொன்ன தலையசைப்புச் சோதனையை நீங்களே செய்து பார்ப்பதுதான் வழி.

முன் வில்லையைச் சுற்றியோ இடப்பக்கக் குமிழிலோ தொலைவு எண்கள் பொறித்து, திருப்பித் திருத்திக்கொள்ளும்படி அமைந்த ஸ்கோப்புகளும் உண்டு. முன் வளையத்தைத் திருப்பும் வகையை ஏ.ஓ. என்பார்கள், பக்கக் குமிழ் வகையைவிட இது செலவு குறைவு, படுத்துக்கொண்டு சுடும்போது கை நீட்டித் திருப்புவதுதான் சற்றுத் தொல்லை. இரண்டிலும் பொறித்திருக்கும் எண்களை அப்படியே நம்பக் கூடாது. எளிய விலை ஸ்கோப்புகளில் 50 என்ற குறி உண்மையில் 40ஆகவோ 60ஆகவோ இருக்கலாம். தலையை அசைத்துப் பார்த்து, இழை அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வெள்ளைப் பெயிண்டால் உங்கள் குறியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

100 கெஜ ஸ்கோப் ஏற்கெனவே கையில் இருக்கிறது, வேறு வாங்க வழியில்லை என்பவர் மனம் தளர வேண்டாம். கண் நடுவில் இருந்தால் பாரலாக்ஸ் பிழை இல்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் கன்னம் ரைஃபிளின் தோள்கட்டையில் ஒரே இடத்தில் படியும்படி, பிம்பத்தைச் சுற்றியுள்ள கறுப்பு வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் தெரியும்படி தலையை வைத்துப் பழகினால், பிழையின் பெரும்பகுதி மறைந்துவிடும். முன் வில்லையைக் கழற்றித் திருப்பிப் பாரலாக்ஸை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஈரம் புகாமல் உள்ளே அடைத்த வாயு வெளியேறிவிடும், உத்தரவாதமும் போய்விடும் என்பதால் புதிய ஸ்கோப்பில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

எத்தனை மடங்கு?

பெரும்பாலானவர்களுக்கு 4 மடங்கு நிலையான உருப்பெருக்கம், அல்லது 2–7 மடங்கு மாறும் உருப்பெருக்கம் போதுமானது. முதல் எண் மடங்கையும், பெருக்கல் குறிக்குப் பின் வரும் எண் முன் வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 4×32 ஸ்கோப்பில் அது 8 மி.மீ.; 3–9×40 ஸ்கோப்பை 9 மடங்கில் வைத்தால் 4.4 மி.மீ. நம் கண்மணி வெயிலில் 2 முதல் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், இருட்டில் இளைஞர்களுக்கு 7 மி.மீ. வரை விரியும். ஒளிக்கற்றை அகலமாக இருந்தால், அந்தி வெளிச்சத்தில் உதவுவது ஒருபுறமிருக்க, தலையை வைத்தவுடனே பிம்பம் முழுதாகத் தெரியும்.

இதே கணக்கை மிகக் குறைந்த விலையில் 10–40×50 என்று விற்கப்படும் ஸ்கோப்பில் போட்டுப் பாருங்கள். 40 மடங்கில் ஒளிக்கற்றை 1.25 மி.மீ. பட்டப்பகலிலும் பிம்பம் மங்கும், கண் இம்மி விலகினால் மறையும், இதயத் துடிப்புகூடத் திரையில் ஆடும். அந்த விலைக்குள் இத்தனை மடங்கைக் கொடுப்பதற்காகக் கண்ணாடியிலும் உள்ளுறுப்பிலும் விட்டுக்கொடுத்திருப்பார்கள். அதே தொகைக்கு வரும் 4 மடங்கு ஸ்கோப்பில் வில்லைகள் குறைவு, அசையும் உறுப்புகள் குறைவு, ஆகவே கொடுத்த பணம் தரத்துக்குப் போய்ச் சேரும்.

மறுமுனையில், .22 ரைஃபிளோடு இணைத்தே விற்கப்படும் 4×15, 4×20 எனும் மெல்லிய ஸ்கோப்புகள் இருக்கின்றன. இவற்றின் குழாய் 19 மி.மீ. கனம்தான். பகலில் பார்க்கலாம் என்றாலும், தலை வைக்கும் இடம் மிகக் குறுகலாக இருக்கும். குமிழ்களும் நம்பத்தக்கவையாக இருப்பதில்லை. 25.4 மி.மீ. குழாயுள்ள 32 மி.மீ. வில்லை ஸ்கோப்பைத்தான் நான் அடிமட்டத் தேவையாகக் கொள்வேன். 30 மி.மீ. குழாய்க்கு அதிகம் கொடுப்பது .22க்குத் தேவையற்றது.

காகித அட்டையில் 50 மீட்டருக்கு அப்பால் தன் தோட்டாத் துளைகளைத் தானே பார்க்க விரும்புபவர் 9 அல்லது 12 மடங்கு வரை போகலாம். அவ்வளவு மடங்கு இருந்தால் பாரலாக்ஸ் திருத்தும் வசதியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கண்ணாடியும் குறுக்கிழையும்

பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடும். 1935இல் ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இன்று எளிய ஸ்கோப்பிலும் உண்டு. ஆனால் சொற்களைக் கவனிக்க வேண்டும்: ‘கோட்டட்’ என்றால் ஏதோ சில பரப்புகளில் ஓர் அடுக்கு, ‘ஃபுல்லி மல்டி-கோட்டட்’ என்றால் காற்றைத் தொடும் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குகள். பின்னது கட்டுப்படியாகும் விலையிலேயே கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பாக மின்னும் வில்லையைப் பார்த்து மயங்க வேண்டாம். சிவப்பொளியைத் திருப்பியனுப்பும் அந்தப் பூச்சு பிம்பத்தின் நிறத்தைத்தான் கெடுக்கும்.

குறுக்கிழையைப் பொறுத்தவரை, ஓரத்தில் தடித்தும் நடுவில் மெலிந்தும் வரும் டூப்ளெக்ஸ் வகை எல்லாவற்றுக்கும் போதும். குண்டின் வீழ்ச்சிக்கேற்பக் கீழே கோடுகள் போட்ட இழை உதவியாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோடுகள் ஏதோ ஒரு தோட்டாவின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டவை. உங்கள் தோட்டாவுக்கு எந்தக் கோடு எந்தத் தொலைவு என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் எழுதிக்கொள்ள முடியும். மாறும் உருப்பெருக்கமுள்ள எளிய ஸ்கோப்புகளில் அந்தக் கோடுகளின் அளவு ஒரே ஒரு மடங்கில், பெரும்பாலும் உச்ச மடங்கில்தான் சரியாக இருக்கும். மின்விளக்கு எரியும் குறுக்கிழையைக் குறைந்த விலையில் வாங்காதீர்கள். பழுதாக இன்னோர் உறுப்பைச் சேர்த்து வாங்கியதாக ஆகும்.

மவுண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள்

கையிலுள்ள தொகை முழுவதையும் ஸ்கோப்பில் போட்டுவிட்டு, பெட்டிக்குள் இலவசமாக வந்த ரிங்கை (ஸ்கோப் குழாயைப் பிடிக்கும் வளையத்தை) பொருத்துவது நான் அதிகம் பார்க்கும் தவறு. ஸ்கோப் அசைந்தால் அதன் கண்ணாடி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது ரிங்குக்கும், அதை ரைஃபிளோடு இணைக்கும் மவுண்டுக்கும் ஒதுக்கச் சொல்வேன்.

ரைஃபிளின் மேற்புறத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மெல்லிய பள்ளம் வெட்டியிருந்தால் அது டவ்டெயில், பெரும்பாலான.22 ரைஃபிள்களில் இதுவே இருக்கும். அகலம் ரைஃபிளுக்கு ரைஃபிள் சற்று மாறும்: 9.5 மி.மீ. அளவில் வெட்டியதும் உண்டு, 11 மி.மீ. அளவில் வெட்டியதும் உண்டு. ஒன்றுக்குச் செய்த ரிங்கை மற்றதில் போட்டால், இறுகியதுபோலத் தோன்றி, சில பெட்டித் தோட்டாக்கள் சுட்டபின் மெல்ல நகரும். காலிப்பரால் அளந்துகொண்டு போய் வாங்குங்கள். ரைஃபிளின் மேல் குறுக்குப் பள்ளங்களுள்ள அகலமான ரெயில் இருந்தால் அது வீவர் அல்லது பிக்காட்டினி. எளியவரும் வாங்கக்கூடிய ஸ்கோப்பை 1930இல் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் வில்லியம் வீவரின் பெயரே முன்னதற்கு. பின்னது 1995இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்தியது; அதன் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், வீவர் பள்ளமோ 4.57 மி.மீ. ஆகவே வீவர் ரிங் பிக்காட்டினி ரெயிலில் உட்காரும். பிக்காட்டினி ரிங் வீவர் ரெயிலில் உட்காராமல் போகலாம்.

உயரத்தில் தாழ்வானதே நல்லது. கன்னம் கட்டையை விட்டு எழாமல் கண் நடுவில் வந்து நிற்கும். முன் வில்லை குழலில் படாமலும், போல்ட்டைத் தூக்கும்போது அதன் கைப்பிடி கண்பக்க முனையில் இடிக்காமலும் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 32 மி.மீ. ஸ்கோப் பெரும்பாலும் தாழ்வான ரிங்கிலேயே அடங்கிவிடும், 50 மி.மீ. வில்லையை .22க்கு நான் பரிந்துரைக்காததற்கு இது இன்னொரு காரணம்.

கையில் வாங்கிப் பார்க்கும்போது

கடையின் பளிச்சென்ற விளக்கில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகவே தெரியும். வாசலுக்கு வந்து, நிழலில் இருக்கும் எழுத்துப் பலகை ஒன்றைப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கசிகிறதா, நடுவில் தெளிவாக இருக்கும் எழுத்து ஓரத்தில் வளைகிறதா என்று கவனியுங்கள். ஓரத்தில் சற்றே மங்குவது இந்த விலையில் பொறுத்துக்கொள்ளத்தக்கது; நடுவிலேயே மங்கினால் வேண்டாம். மாறும் உருப்பெருக்கமுள்ள ஸ்கோப்பை அசையாத இடத்தில் இருத்தி, ஒரு புள்ளியில் குறுக்கிழையை வைத்து, மடங்கு வளையத்தை முழுவதும் திருப்புங்கள். இழை புள்ளியை விட்டு விலகினால், மடங்கை மாற்றும்போதெல்லாம் குண்டு விழும் இடமும் மாறித் தெரியும். எக்காரணம் கொண்டும் சூரியனை நோக்கி ஸ்கோப்பைத் திருப்பக் கூடாது.

எல்லாவற்றையும்விட மதிப்புள்ள சோதனை கிளிக்கைப் பற்றியது. குமிழ்களில் பெரும்பாலும் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு); 100 மீட்டரில் அது சுமார் 7 மி.மீ., 50 மீட்டரில் 3.6 மி.மீ. நாற்பது கிளிக் திருப்பினால் 25 மீட்டர் தொலைவில் இழை 73 மி.மீ. நகர வேண்டும். வீட்டிலேயே இதைப் பார்க்கலாம்: ஸ்கோப்பை மட்டும் மரவேலைப் பிடியில் துணி சுற்றி அசையாமல் பிடித்துக்கொண்டு, நாடாவால் அளந்த 25 மீட்டரில் கட்டமிட்ட தாளை ஒட்டி, மேலே நாற்பது, வலத்தில் நாற்பது, கீழே நாற்பது, இடத்தில் நாற்பது என்று திருப்புங்கள். இழை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். நகர்ந்த தொலைவு 73க்குப் பதிலாக 68 ஆக இருந்தால் கவலை இல்லை; அதை எழுதி வைத்துக்கொண்டு கணக்கிடலாம். திரும்பி வராத ஸ்கோப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறர் பயன்படுத்திய ஸ்கோப்

நல்ல நிறுவனத்தின் பழைய 4 மடங்கு ஸ்கோப், அதே தொகைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத புதிய ஸ்கோப்பைவிடப் பெரும்பாலும் மேலானது. காதருகே மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் உருளக் கூடாது. வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, வில்லையில் சிலந்தி வலைபோல இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அது பூஞ்சை. பூச்சை அரித்திருக்கும், துடைத்தாலும் போகாது. குமிழ்த் திருகுகளின் வாய் சிதைந்திருந்தால், யாரோ எதையோ சரிசெய்யப் போராடியிருக்கிறார்கள் என்று பொருள். முன் வில்லைப் பக்கத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் நேராகப் பொருத்தி, குறைந்த மடங்கில் வைத்துப் பார்த்தால், குறுக்கிழையும் அதன் எதிரொளிப்பும் தெரியும். குமிழ்களைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க முடிந்தால் இழை நடுவுக்கு வந்துவிட்டது. முடியாமல் குமிழ் முன்பே முட்டி நின்றால் உள்ளே பழுது இருக்கிறது.

பொருத்துவதும் ஜீரோ செய்வதும்

தொடங்கும் முன் ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, போல்ட்டைக் கழற்றி வையுங்கள். கண்பக்க முனையைத் திருப்பிக் குறுக்கிழை தெளிவாகத் தெரியும்படி முதலில் சரிசெய்ய வேண்டும்: வெறும் சுவரைப் பார்த்தபடி இரண்டு விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்காமல், பார்வையை விலக்கி விலக்கிச் சரிசெய்யுங்கள், உற்றுப் பார்த்தால் கண் தானே குறையை ஈடுகட்டிக்கொள்ளும். பின் ரிங்குகளைத் தளர்வாக வைத்து, கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் படியவிட்டு, கண்ணைத் திறக்கும்போது பிம்பம் முழுதாகத் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். மாறும் உருப்பெருக்கமானால் இதை உச்ச மடங்கில் செய்ய வேண்டும். அங்கேதான் கண்ணுக்கான இடம் குறுகலானது. 25 மீட்டரில் கல் கட்டித் தொங்கவிட்ட நூலோடு செங்குத்து இழையை ஒப்பிட்டு, ரைஃபிள் சாயாமல் இருக்கும்போதே நேராக்குங்கள். ரிங் திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். தயாரிப்பாளர் அளவு எதுவும் சொல்லாவிட்டால் 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 2 நியூட்டன் மீட்டர் போதும். நீண்ட சாவியால் முழுக் கைபலத்தையும் போட்டு இறுக்கினால் குழாய் நசுங்கும்.

போல்ட் கழற்றிய நிலையில் குழலின் பின்புறம் வழியாக 25 மீட்டர் இலக்கை நடுவில் வைத்து, ரைஃபிளை அசைக்காமல் குறுக்கிழையையும் அதே புள்ளிக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இவ்வளவில் முதல் குண்டு அட்டைக்குள் விழுந்துவிடும். பிறகு ஜீரோ செய்ய, அதாவது குறிவைத்த புள்ளியிலேயே குண்டு விழும்படி சரிசெய்ய, 50 மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட்டு, குரூப்பின் (துளைக் கூட்டத்தின்) நடுவை அளந்து திருத்துங்கள், 30 மி.மீ. கீழே இருந்தால் எட்டு கிளிக் மேலே. எளிய ஸ்கோப்புகளில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் உடனே பின்தொடராது. ஆகவே, மேலேற்றும்போது வேண்டியதைவிட ஐந்தாறு கிளிக் கூடுதலாகப் போய், மீண்டும் கீழிறங்கி நிறுத்துங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நின்றால் முதல் குண்டே புதிய இடத்தில் விழும். 50 மீட்டரில் ஜீரோ செய்த .22 லாங் ரைஃபிள், 25 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள் மேலேயும், 100 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் கீழேயும் விழும்.

குரூப் ஒன்றாகச் சிதறினால் தோட்டாவைச் சந்தேகியுங்கள்; .22 குழல்கள் தோட்டா விஷயத்தில் பிடிவாதமானவை, ஒன்றுக்கு ஒத்துவருவது மற்றொன்றுக்கு ஒத்துவராது. ஒரே தோட்டாவில், ஒரே நிலையில் சுட்டும் இரண்டு தனித்தனிக் குரூப்புகளாகப் பிரிந்து விழுந்தால், முதலில் ரிங் திருகுகளைப் பாருங்கள்; அவை இறுக்கமாகவே இருந்தால் ஸ்கோப்பின் உள்குழாய் இடம் மாறுகிறது. ரிங்கின் ஓரத்தை ஒட்டி ஸ்கோப் குழாயில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வைத்தால், முதல் ஐம்பது குண்டுகளுக்குப் பின் ஸ்கோப் நகர்ந்திருக்கிறதா என்பது அந்தக் கோட்டுக்கும் ரிங்குக்கும் இடையில் தெரியும் இடைவெளியிலேயே தெரிந்துவிடும்.